சியாமளா கோபாலனின் ஹார்மோன் ஏற்பி ஆய்வுகள்: பெயர், இடப்பெயர்வு, அறிவியல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கமலா ஹாரிஸின் தாய் என்ற அளவிலேயே சியாமளா கோபாலன் (1938–2009) தமிழ்ச் சூழலில் அறியப்படுகிறார். அவர் வெளியிட்ட ஆய்வுத்தாள்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பி ஆகியன குறித்த அவரது பணியை இக்கட்டுரை காலவரிசையில் வாசிக்கிறது. ஒரு செல்லில் ஏற்பி இருப்பதும் அச்செல் ஹார்மோனுக்கு மறுமொழி தருவதும் ஒன்றுதானா என்ற வினாவே அப்பணி முழுவதையும் இணைக்கும் இழை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சியாமளா கோபாலன், ஹார்மோன் ஏற்பி, செல் சமிக்ஞை, பால்சுரப்பி, பெண் அறிவியலாளர், புலம்பெயர்வு, பெயர் மரபு

1. பெயர் என்னும் சிக்கல்

2020 ஆகஸ்டில் தம் கட்சியின் வேட்புரிமையை ஏற்றுப் பேசிய கமலா ஹாரிஸ் ‘சித்தி’ என்ற தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினார். அதன்பின் சில மாதங்கள் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரமும் சென்னைப் பெசன்ட் நகரும் உலகச் செய்திகளில் இடம்பெற்றன. சியாமளாவின் தந்தை பி. வி. கோபாலனின் பூர்விக ஊர் முன்னது. அவர் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்த இடம் பின்னது. சியாமளாவைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டது. அவர் இளமையில் கருநாடக இசை பாடியது, குடியுரிமைப் பேரணிகளில் நடந்தது, தனியாக இரு மகள்களை வளர்த்தது ஆகிய யாவும் விரிவாக வந்தன. தொழிலைக் குறிக்கும்போது மட்டும் ‘மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்’ என்ற தொடரோடு எழுத்து நின்றுவிட்டது. எதை ஆய்ந்தார், என்ன கண்டார் என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை.

இந்த மௌனத்திற்கு மகளின் புகழ் ஒரு காரணம். மற்றொரு காரணம் நூலகவியல் சார்ந்தது; வரலாற்று ஆய்வாளருக்கு அதுவே கூடுதல் கவனத்திற்குரியது. ‘கோபாலன்’ என்றோ ‘ஹாரிஸ்’ என்றோ அட்டவணைகளைத் தேடினால் அவருடைய ஆய்வுத்தாள்கள் கிடைப்பதில்லை. அவர் தம் தாள்களில் இட்ட பெயர் ‘ஜி. சியாமளா’. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதும் தமிழ் வழக்கு அது. இறுதியில் நிற்பதைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேலை அட்டவணை மரபு அதனைச் ‘சியாமளா, ஜி.’ என்று பதிவுசெய்தது. 1963இல் டொனால்ட் ஹாரிஸை மணந்த பின்னரும், எழுபதுகளின் தொடக்கத்தில் மணவிலக்குப் பெற்ற பின்னரும், 2002ஆம் ஆண்டுத் தாள் வரையிலும் இப்பெயர் மாறவில்லை. கடவுச்சீட்டு அலுவலகங்களில் தமிழரைப் பாடாய்ப் படுத்தும் முதலெழுத்து வழக்கு, இங்கு ஓர் அறிவியலாளரின் நாற்பதாண்டுப் பணியை ஒரே பெயரின்கீழ் காத்துத் தந்திருக்கிறது என்பது சுவையான முரண். ஆயினும் செய்தியில் வரும் சியாமளா கோபாலனையும் அட்டவணையில் வரும் சியாமளா, ஜி.யையும் ஒருவரென இணைத்துப் பார்ப்பவரே அந்தப் பயனைப் பெறமுடியும்.

2. மனையியலிலிருந்து உயிர்வேதியியலுக்கு

சியாமளா 1938இல் சென்னையில் பிறந்தார். தந்தை மத்திய அரசுப் பணியில் சுருக்கெழுத்தராகத் தொடங்கி உயர் பொறுப்புகளுக்கு வந்தவர். அவரது பணியிட மாற்றங்களோடு குடும்பமும் இடம் மாறியது. தில்லியின் லேடி இர்வின் கல்லூரியில் சியாமளா மனையியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். மனையியல் என்பது நல்ல இல்லத்தரசியை உருவாக்கும் படிப்பு என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் அப்படிப்பினுள் உணவு வேதியியலும் ஊட்டச்சத்தியலும் இருந்தன. இயற்பியல், வேதியியல் துறைகளின் கதவு பெண்களுக்கு அரைகுறையாகத் திறந்திருந்த நாள்களில், ஆய்வகத்திற்குச் செல்லும் பக்கவழியாகவும் மனையியல் பயன்பட்டது. இதனைப் பெண்கல்வி வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு எடைபோடவில்லை.

1958இல், 19 வயதில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஊட்டச்சத்தியலும் நாளமில்லாச் சுரப்பியலும் இணைந்த பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்து இடம் பெற்றார். பெற்றோர் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து முதலாண்டுச் செலவை ஏற்றனர். வீட்டில் தொலைபேசி இல்லாததால் தொடர்பு வான்வழிக் கடிதத்தாள்கள் வழியே நடந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே அமெரிக்காவில் நிலையாகக் குடியேறலாம் என்ற வரம்பு நடப்பிலிருந்த காலம் அது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் சென்னையிலிருந்து சென்ற மருத்துவர், பொறியாளர் அலையோடு சியாமளாவைச் சேர்த்துப் பேசுவது காலவழு. அவர் அதற்கு ஏழாண்டு முந்தியவர், மாணவராகச் சென்றவர்.

பெர்க்லியில் அவர் முதலில் ஆய்ந்தது ஹார்மோனை அன்று, கோதுமை மாவை. செரிமான நொதியாகிய டிரிப்சினைத் தடுக்கும் ஒரு புரதம் முழுக் கோதுமை மாவில் இருப்பதை அறிவித்த குறுந்தாள் 1961இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அப்புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்தியதே ரிச்சர்ட் லைமனின் வழிகாட்டலில் 1964இல் நிறைவுற்ற முனைவர்பட்ட ஆய்வு. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சோஹோனி 1950களில் இந்திய உணவுப்பொருள்களிலுள்ள டிரிப்சின் தடுப்பான்களை ஆராய்ந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். இருவருக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று சொல்ல இடமில்லை. ஆனால் சமையலறைப் பொருளிலிருந்து தூய புரதத்திற்குச் செல்லும் பாதை அக்காலப் பெண் உயிர்வேதியியலாளர் பலரும் நடந்த பாதை.

வாழ்க்கைக் குறிப்புகள் இந்த முனைவர்பட்டத் தலைப்பைக் கடந்துசெல்கின்றன. பிற்கால ஆய்வோடு பொருந்தாத ஒன்றாக அது தோன்றுவதே காரணமாகலாம். ஆனால் தொடர்ச்சி கருப்பொருளில் இல்லை, கைத்திறத்தில் இருக்கிறது. கலவையான திசுச்சாற்றில் மிகக் குறைந்த அளவில் உள்ள ஒரு புரதத்தை, அதன் பிணைப்புத் திறனை அடையாளமாகக் கொண்டு பிரித்தெடுப்பதே கோதுமை ஆய்வின் சாரம். ஏற்பி ஆய்வு அடுத்துக் கேட்டதும் அதே திறத்தைத்தான்.

3. அர்பானா, 1967

ஸ்டெராய்டு ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைந்து நொதிகளோடு வினைபுரிந்து செயல்படுகின்றன என்ற கருத்து 1950களில் ஓங்கியிருந்தது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய எஸ்ட்ரடையாலை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, கருப்பை அதனை வேதிமாற்றம் ஏதுமின்றிப் பிடித்துவைத்துக்கொண்டது. பிடித்துவைக்கும் பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்ற முடிவு இதிலிருந்து எழுந்தது. அதைப் புரதமாகப் பிரித்துக் காட்டும் போட்டியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் ஜாக் கோர்ஸ்கியின் ஆய்வகம் முன்னணியில் நின்றது. கோர்ஸ்கியும் டேவிட் டாஃப்டும் 1966இல் எலிக் கருப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பிரித்து அறிவித்தனர்.

கணவரின் ஆசிரியப் பணியையொட்டி இல்லினாய் வந்த சியாமளா இந்த ஆய்வகத்தில் சேர்ந்தார். டாஃப்ட், சியாமளா, கோர்ஸ்கி மூவரும் எழுதிய தாள் 1967இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வெளிவந்தது. இரண்டாம் மகள் பிறந்ததும் அதே ஆண்டு. நான்கே பக்கத் தாள்தான். செல் முழுமையாக இல்லாத நிலையிலும், பிழிந்தெடுத்த சாற்றிலேயே ஹார்மோனும் ஏற்பியும் பிணைவதை அது காட்டியது. பிணைப்பு ஆய்வுக்குழாயில் நிகழுமானால் அதனை அளக்கலாம். அளக்க முடிந்தால் ஒரு திசுவை மற்றொன்றோடு ஒப்பிடலாம். பிற்காலத்தில் நோயாளியின் கட்டியில் ஏற்பியை அளந்து மருந்து தீர்மானிக்கும் நடைமுறைக்கு இவ்வகைச் செல்லற்ற முறைகளே அடித்தளம்.

1969இல் ‘ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி’யில் வந்த தாளில் சியாமளாவின் பெயர் முதலிலும் கோர்ஸ்கியின் பெயர் அடுத்தும் நிற்கின்றன. சைட்டோசால் எனப்படும் செல்சாற்றிலுள்ள பிணைப்பிடத்திற்கும் உட்கருவிலுள்ள பிணைப்பிடத்திற்கும் என்ன உறவு என்பது அதன் வினா. ஹார்மோன் முதலில் செல்சாற்றில் ஏற்பியோடு பிணைகிறது. பின்பு அந்த இணை உட்கருவுக்குள் செல்கிறது என்ற ‘ஈரடுக்கு’ விளக்கம் அந்த ஆண்டுகளில் கோர்ஸ்கி, ஜென்சன் ஆகிய இருவர் குழுக்களிடமிருந்தும் உருவாயிற்று. குளிர்ந்த நிலையில் பிணைப்பு நிகழும், ஆனால் உட்கருவுக்கு நகர வெப்பம் வேண்டும் என்ற அவதானிப்பு இவ்விளக்கத்தின் தூண்.

இவ்விளக்கம் ஏறத்தாழப் பதினைந்தாண்டு பாடநூல்களை ஆண்டது. 1984இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரு தாள்கள் அதைத் திருத்தின. ஹார்மோன் பிணையாத நிலையிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவிலேயே இருக்கிறது. திசுவை அரைக்கும்போது அது கசிந்து செல்சாற்றில் தென்பட்டது என்பது புதிய முடிவு. அத்தாள்களுள் ஒன்று கோர்ஸ்கி ஆய்வகத்திலிருந்தே வந்தது. எனவே 1969ஆம் ஆண்டுத் தாளைத் தோல்வி என எழுதிவிடுவது அவசரம். இடம் பற்றிய விளக்கம் மாறியது. ஹார்மோன் பிணைந்தபின் ஏற்பி தன் இயல்பை மாற்றிக்கொண்டு மரபணுப் படியெடுத்தலைத் தொடங்குகிறது என்ற கரு நிலைத்தது. சியாமளாவைப் புகழ்ந்து எழுதுவோர் இத்திருத்தத்தை விட்டுவிடுகின்றனர். அதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல் வரலாறாகும்.

4. பால்சுரப்பி கேட்ட வினா

விஸ்கான்சினிலும் பணியாற்றியபின் சியாமளா இரு மகள்களோடு பெர்க்லிக்குத் திரும்பினார். அங்குள்ள விலங்கியல் துறையும் புற்றுநோய் ஆய்வகமும் அவருக்குக் களமாயின. கருப்பையை விட்டுப் பால்சுரப்பிக்கு அவர் மாறியது இங்குதான். இது எளிய மாற்றம் அன்று. எலிக் கருப்பை ஈஸ்ட்ரோஜனுக்கு விரைவாக மறுமொழி தரும் வசதியான உறுப்பு. பால்சுரப்பியோ கன்னிப்பருவம், கருவுறுதல், பாலூட்டல், ஒடுங்கல் என ஒவ்வொரு கட்டத்திலும் உருமாறுவது; எபிதீலியம், கொழுப்பு, இணைப்புத் திசு எனப் பல கூறுகள் பின்னிக் கிடப்பது.

1972இல் சத்யபிரதா நந்தியுடன் இணைந்து, பாலூட்டும் எலியின் சுரப்பியில் எஸ்ட்ரடையால் பிணைவதை அவர் பதிவுசெய்தார். அதே ஆண்டில் தனியாக எழுதிய தாளொன்று எலியின் மார்பகக் கட்டிகளில் எஸ்ட்ரடையால் ஏற்பி இருந்தும், பிணைந்த ஹார்மோன் செல்சாற்றிலிருந்து உட்கருவுக்கு மாறவில்லை என்று அறிவித்தது. ஈரடுக்கு விளக்கத்தின் மொழியிலேயே அது எழுதப்பட்டது. ஆனால் அது எழுப்பிய ஐயம் அவ்விளக்கத்தைத் தாண்டியும் நின்றது. ஏற்பி உண்டு, பயன் இல்லை. கதவில் பூட்டு இருக்கிறது, சாவியும் பொருந்துகிறது, ஆனால் கதவு திறப்பதில்லை என்றால் தடை எங்கே?

1976இல் குடும்பம் மான்ட்ரியாலுக்குப் பெயர்ந்தது. யூதப் பொது மருத்துவமனையைச் சார்ந்த லேடி டேவிஸ் மருத்துவ ஆய்வு நிறுவனத்திலும் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் புலத்திலும் சியாமளா 16 ஆண்டுகள் பணிபுரிந்தார். அவரது பணியின் நடுப்பகுதி இது. செய்திக் கட்டுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

அவ்வாண்டுகளில் மருத்துவ உலகம் புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியைத் தேடத் தொடங்கியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்ட கட்டிகள் யாவும் ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்குவதில்லை என்பது தெரிந்திருந்தது. புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பி உருவாவது ஈஸ்ட்ரோஜனின் தூண்டலால். ஆகவே அது தென்பட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்மையில் வேலை செய்கிறது என்று கொள்ளலாம் என்ற கருதுகோளைக் கேத்தரின் ஹார்விட்ஸ், வில்லியம் மெக்வைர் முதலியோர் 1975இல் முன்வைத்தனர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும் டமாக்சிஃபென் 1977இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மனிதக் கட்டிகளில் இக்கேள்வி விரைந்து பரவியபோது, சியாமளாவும் சாண்ட்ரா ஹாஸ்லமும் இயல்பான சுரப்பியை எடுத்துக்கொண்டனர். நோயுற்ற திசுவின் நடத்தையை மதிப்பிட, நோயற்ற திசு எப்படி நடந்துகொள்கிறது என்பது முதலில் தெரியவேண்டும் அல்லவா? கன்னிப்பருவ எலிச் சுரப்பியில் எஸ்ட்ரடையால் புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியைத் தூண்டுகிறது. பாலூட்டும் சுரப்பியில் அத்தூண்டல் நிகழ்வதில்லை என்பது அவர்கள் 1979இல் வெளியிட்ட முடிவுகளின் சாரம். ஏற்பி இருந்தும் மறுமொழி இல்லாமை புற்றுநோய்க்கு மட்டும் உரிய கோளாறு அன்று. உடல் தன் இயல்பான வாழ்வில் ஒரு கட்டத்தில் தானே அப்படி அமைத்துக்கொள்கிறது. 1972ஆம் ஆண்டின் புதிர் இங்கு வேறொரு முகம் காட்டுகிறது. 1981இல் அவ்விருவரும் ஏற்பிகள் எபிதீலியத்திலும் கொழுப்பிலும் இணைப்புத் திசுவிலும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதை அளந்தனர். ஒரு செல்லின் மறுமொழி அதன் அண்டைச் செல்களையும் பொறுத்தது என்ற சிந்தனையின் தொடக்கம் அது.

5. ஒரு மரபணு, இரு புரதங்கள்

எலியின் புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பிக்கான நிரப்பு டி.என்.ஏ.வைப் படியாக்கம் செய்து, அதன் வரிசையையும் வெளிப்பாட்டையும் விளக்கிய தாள் 1991இல் ‘பயோகெமிஸ்ட்ரி’ இதழில் வந்தது. சியாமளா அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர். எலியின் மரபணுவைக் கையில் வைத்திருப்பது என்பது, அதனை மாற்றிப் பார்க்கும் ஆற்றலைப் பெறுவதாகும். தம் இறுதி ஆய்வுக்காலத்தை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கழித்த அவர் அந்த ஆற்றலை முழுதும் பயன்படுத்திக்கொண்டார்.

புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பி ‘ஏ’, ‘பி’ என இரு வடிவங்களில் உண்டாகிறது. இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து வருவன; ‘பி’ சற்று நீண்டது. ஹூஸ்டனில் பெர்ட் ஓமாலியின் குழு 1995இல் இந்த ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கி, அவற்றில் பால்சுரப்பி முழு வளர்ச்சி பெறுவதில்லை எனக் காட்டியிருந்தது. ஏற்பியை நீக்கிவிடுவது ஒரு வழி. சியாமளாவின் குழு வேறு வழியில் சென்றது. இரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள இயல்பான விகிதத்தை மட்டும் குலைத்தால் என்ன ஆகும்? 1998இல் வெளியான தாளின்படி, ‘ஏ’ வடிவம் மிகுந்த எலிகளில் பால்நாளங்கள் அளவுக்கு மீறிக் கிளைத்தன; செல்களைத் தாங்கும் அடிச்சவ்வு ஒழுங்கிழந்தது; செல்களின் ஒட்டுறவு தளர்ந்தது. 2000ஆம் ஆண்டுத் தாளில் ‘பி’ வடிவம் மிகுந்தபோது நாளங்களின் நீட்சி உரிய காலத்திற்கு முன்பே நின்றது. இரு தாள்களும் 1967இன் நான்கு பக்கத் தாள் வந்த அதே இதழில் வந்தவை.

ஏற்பி உண்டா இல்லையா என்ற கேள்வி இப்போது எந்த விகிதத்தில் உண்டு என்ற கேள்வியாக மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும். இதே காலத்தில், 1997இல், சுரப்பியின் வெட்டுத்துண்டுகளில் ஏற்பியை நேரடியாகக் கண்டறிந்த தாளும் வந்தது. புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பி எபிதீலியத்தில் மட்டுமே இருந்தது. அங்கும் சீராக இல்லை, சில செல்களில் இருந்தது, அடுத்தவற்றில் இல்லை. ஆனால் சுரப்பி முழுவதும் வளர்கிறது. அப்படியானால் ஏற்பி உள்ள செல், ஹார்மோனின் செய்தியைப் பெற்று, ஏற்பியில்லாத அண்டைச் செல்லுக்கு வேறொரு சமிக்ஞையாக மாற்றி அனுப்பவேண்டும். ஏற்பி ஆய்வு செல் சமிக்ஞை ஆய்வாக விரிந்த இடம் இது. இத்தாளின் ஆசிரியர் வரிசையில் டேவிட் டாஃப்டின் பெயரும் இருக்கிறது. அர்பானாவில் ஒரே மேசையைப் பகிர்ந்தவர்கள் 30 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு தாளில் சேர்ந்திருக்கிறார்கள். அறிவியல் தாள்கள் நட்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஆசிரியர் வரிசை சில வேளைகளில் பேசிவிடுகிறது.

ஆய்வுத்தாளுக்கு வெளியே, அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்களின் மதிப்பீட்டாளராகவும் குடியரசுத் தலைவரின் மார்பகப் புற்றுநோய்ச் சிறப்பு ஆணையத்தின் உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார்.

6. கடற்கரை

நந்தனத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வளர்த்தெடுத்த குடியிருப்புகளுள் பெசன்ட் நகரும் ஒன்று. ஓய்வுபெற்ற அரசு அலுவலர் பலர் குடியேறிய அப்பகுதியில் கோபாலனும் வாழ்ந்தார். விடுமுறைக்கு வந்த பேத்தி அவரோடும் அவர் நண்பர்களோடும் கடற்கரையில் நடந்ததும், அவர்களின் அரசியல் உரையாடலைக் கேட்டதும் தன்வரலாற்றில் இடம்பெற்றுப் புகழ்பெற்றுவிட்டன. அந்தக் கடற்கரையிலிருந்து சிறிது தொலைவில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நாளமில்லாச் சுரப்பியியலுக்கென ஒரு துறையும் உண்டு. சியாமளாவின் குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் கடற்கரையோடு நின்றுகொண்டனர். அவருடைய துறை இந்நகரில் வளர்ந்த வரலாற்றையும் அவருடைய தாள்களையும் அருகருகே வைத்து வாசிக்கும் பணி எஞ்சியிருக்கிறது.

சியாமளா 2009 பிப்ரவரி 11 அன்று காலமானார். மார்பகப் புற்றுநோயை வாழ்நாள் முழுதும் ஆய்ந்த அவரது உயிரைக் கொண்டது பெருங்குடல் புற்றுநோய். மலர்களுக்கு மாற்றாக மார்பகப் புற்றுநோய்ச் செயல்பாட்டு அமைப்பொன்றுக்கு நன்கொடை தருமாறு குடும்பம் கேட்டுக்கொண்டது. மூத்த மகள் அஸ்தியைச் சென்னைக்குக் கொண்டுவந்து கடலில் கரைத்தார். இன்று இந்நகரின் மருத்துவமனைகளில் மார்பகக் கட்டியின் சதைத்துண்டு ஆய்வுக்குச் செல்லும்போது, திரும்பி வரும் அறிக்கையில் ‘ஈ.ஆர்.’, ‘பி.ஆர்.’ என்ற இரு வரிகள் இருக்கும். முதல் வரி ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் இரண்டாவது புரொஜெஸ்ட்டிரோன் ஏற்பியையும் குறிப்பன.